நீல மூடி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மூன்று இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. அவ்வளவு கோபமா என்மேல்? ஹோட்டல் சலவைக்கூடத்தில் என்னோடு விரிப்பு மடிக்கிறாளே நெட்டை, அவளிடம் காட்டினேன். "இது கடுதாசி இல்லக்கா, கத்திக்குத்து" என்று சிரிக்கிறாள்.

உங்கள் மகன் லிஃப்ட் ரிப்பேர் வேலையாக இந்தப் பக்கம் வந்தான், ஒரு வேளை சாப்பிட்டான், போனான். போய் உங்களிடம் என்ன சொன்னான்? அத்தை தட்டில் ஒரு பருக்கை சோறு இல்லை, ஜாக்கெட் தோளில் தொங்குகிறது, ஆள் பாதியாகிவிட்டாள் என்று. அவன் தட்டில் நான் மலையாகக் குவித்ததைச் சொன்னானா? மறுபடி கேட்டு வாங்கியதைச் சொன்னானா? அதெல்லாம் வாயில் வராது.

"என் தம்பி போய்ச் சேர்ந்துவிட்டான், நீயும் பட்டினி கிடந்து பின்னாலேயே போகப் பார்க்கிறாயா? பெட்டியைக் கட்டு, இங்கே வந்து என்னோடு இரு" என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணி, நான் பட்டினி கிடக்கவில்லை. சத்தியமாக. அன்றைக்கு என் தட்டில் இரண்டு முட்டை இருந்தது, வெண்ணெயில் வதக்கிய கீரை இருந்தது, பெரிய மீன் துண்டு இருந்தது. உங்கள் மகனுக்கு வெள்ளையாகச் சோறு எதுவும் தெரியாததால் தட்டே காலி என்று நினைத்துவிட்டான்.

இது சர்க்கரைக்காக. ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் செய்கிறேன். கீட்டோ என்று பெயர். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, இனிப்பு, பழச்சாறு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, முட்டை, கறி, மீன், கீரை, கோஸ், சீஸ், பாதாம் என்று சாப்பிட வேண்டும். எண்ணெய்க்கும் வெண்ணெய்க்கும் பயப்பட வேண்டாமாம். கூடவே மாத்திரையும் உண்டு. முதல் வாரம் தலை விண்விண் என்று தெறித்தது, வாயெல்லாம் ஒரு மாதிரி வாடை. உப்புப் போட்ட சூப் குடிக்கச் சொன்னார்கள், சரியாகிவிட்டது. காலிஃபிளவரைத் துருவி வேகவைத்தால் சோறு மாதிரி இருக்கும் என்றார்கள். சோறு மாதிரி இல்லை. காலிஃபிளவர் மாதிரிதான் இருக்கிறது. ஆனாலும் சாப்பிடுகிறேன்.

ஒரு சின்னத் தலைசுற்றல் வந்தது, அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு. அவ்வளவுதான்.

இதையெல்லாம் போனில் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். நூல் மில் உங்கள் காதைத் தின்றுவிட்டதே! ஐந்தாம் வகுப்போடு நின்றவளை உட்கார வைத்து எழுத வைக்கிறீர்கள். எழுத்துப்பிழை இருந்தால் உங்கள் காதைத்தான் திட்ட வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்சுலின் ஊசியை நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெண்டாட்டி


ஜனவரி 20

பூனைக்கு,

உனக்குப் பூனை என்று பெயர் வைத்தது என் தம்பி. சத்தமில்லாமல் வருவாய், சத்தமில்லாமல் போவாய், எதைக் கேட்டாலும் "ஒன்றுமில்லை" என்பாய் என்று. சரியாகத்தான் வைத்திருக்கிறான்.

வெண்ணெய் தின்று சர்க்கரை இறங்கியதாக நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. எனக்குக் காது கேட்காது என்பது வேறு விஷயம். அது கிடக்கட்டும். சின்னத் தலைசுற்றல் என்றாயே, அது என்ன சின்னது? உன் நெற்றியில் புருவத்துக்கு மேலே தையல் போட்ட தழும்பு இருக்கிறதாம். என் மகன் சோற்றைப் பார்ப்பான், தழும்பைப் பார்க்க மாட்டான் என்று நினைத்தாயோ? கேட்டதற்கு "கதவு இடிச்சிடுச்சுப்பா" என்றாயாம். கதவு தையல் போடுகிற அளவுக்கு இடிக்குமா? கதவா, கடப்பாரையா?

என் தம்பி தூக்கத்திலேயே போனான். ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு வாய்த் தண்ணீர் கேட்கவில்லை. நான் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏண்டா சொல்லாமல் போனாய் என்று அவனைத் திட்ட முடியவில்லை. உன்னைத் திட்ட முடியும், நீ உயிரோடு இருக்கிறாய். அதனால் நடந்ததை நடந்தபடி எழுது. எழுதாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்துவிடுவேன், உன் வீட்டு வாசலில் நின்று கத்துவேன். என் குரல் எனக்குக் கேட்காது, உன் தெருவுக்குக் கேட்கும்.

எனக்கு சர்க்கரை வழக்கம்போல ஆடிக்கொண்டிருக்கிறது. மருமகள் இல்லாத வீடு, மகன் காலையில் போனால் இருட்டித்தான் வருகிறான். நீ வந்தால் ஒரு அறை காலியாகத்தான் இருக்கிறது. ஜன்னல் பக்கத்துக் கட்டில் உனக்கு.

அண்ணி


ஜனவரி 28

அன்புள்ள அண்ணிக்கு,

கத்த வேண்டாம். எழுதிவிடுகிறேன்.

உங்கள் தம்பிக்கும் எனக்கும் ஒரே சமயத்தில்தான் சர்க்கரை என்று சொன்னார்கள், உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து காலை மாத்திரையை எடுத்து வைப்பது அவர் வேலை. இரண்டு ஜாடி மூடி வைத்திருந்தார். சிவப்பு எனக்கு, நீலம் அவருக்கு. பஸ் ஓட்டப் போகிற அவசரத்திலும் இரண்டிலும் மாத்திரையைப் பிதுக்கி வைத்துவிட்டு, "சிவப்பு ரெடி, நீலம் ரெடி, வண்டி கிளம்பலாம்" என்று சொல்லித்தான் சட்டை மாட்டுவார். முழுங்கிவிட்டு அந்தப் பக்கம் பஸ்ஸ்டாண்டில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு டீ குடிப்பார். அது வேறு.

அவர் போன பிறகு நான் எடுத்து வைக்க ஆரம்பித்தேன். எல்லோரும் போய் வீடு காலியான மறுநாள் காலை எழுந்து, முகம் கழுவி, இரண்டு மூடியையும் எடுத்து, இரண்டிலும் பிதுக்கிவிட்டேன். கை தானாகச் செய்தது. சிவப்பை முழுங்கினேன். நீலம் அப்படியே இருந்தது. வேலைக்குப் போய் வந்து பார்க்கிறேன், அப்படியே இருக்கிறது. பிதுக்கிய மாத்திரையைத் திரும்ப அட்டைக்குள் வைக்க முடியாது அண்ணி. குப்பையில் போட மனசு வரவில்லை. அவர் மாத்திரை. அதனால் எடுத்து முழுங்கிவிட்டேன்.

ஒரு நாள் அப்படிச் செய்தால் தெரியாமல் செய்தது. நான் தினமும் செய்தேன். காலையில் அவருக்கு எடுத்து வைப்பேன், வேலை முடிந்து வந்து நானே எடுத்துக்கொள்வேன். அவர் அலமாரியில் அட்டைகள் நிறைய இருந்தன. சோறும் சரியாக வடிப்பதில்லை அப்போது. ஒருத்திக்கு என்ன அடுப்பு என்று ஒரு டம்ளர் டீயோடு விட்டுவிடுவேன். நீங்கள் சந்தேகப்பட்ட பட்டினி அதுதான். இப்போது இல்லை, அப்போது.

ஒரு நாள் வேலையில் நானும் நெட்டையும் பெரிய கட்டில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தோம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். இரண்டு முனை அவள் கையில், இரண்டு முனை என் கையில், உதறி, பாதியாக்கி, நடந்துபோய் அவள் கையில் கொடுக்க வேண்டும். நான் நடந்தேன், அவள் கை வரவேயில்லை. ஈரத் துணி வண்டியின் இரும்பு விளிம்பில் நெற்றி பட்டிருக்கிறது. கண் விழித்தபோது வாயெல்லாம் சர்க்கரைத் தண்ணீர். யாரோ சரியாக யோசித்து ஊட்டியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில், "வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையும் பையோடு கொண்டு வாங்க" என்றாள் நர்ஸ். நெட்டை போய் எடுத்து வந்தாள். நர்ஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இது யாருக்கும்மா?"

"அவருக்கு."

"அவர் எங்கே?"

"இல்லை."

"அப்ப இதை யார் சாப்பிடறாங்க?"

நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவள் டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்: "உயிரோட இருக்க வேண்டாம்னு நினைச்சு சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க டாக்டர். வீணாகக் கூடாதுன்னு."

அவர் என்னையே பார்த்தார். நம்பினாரா தெரியவில்லை. நான் சொன்னது உண்மையா என்று எனக்கும் அன்றைக்குச் சரியாகத் தெரியவில்லை.

உங்கள் தம்பியுடையது, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கிற மாத்திரையாம். வெறும் வயிற்றில் அதையும் போட்டால் விழாமல் என்ன செய்வேன்? அந்த அட்டைகளையெல்லாம் நர்ஸ் வாங்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்ததும் என் சர்க்கரை மறுபக்கம் எகிறியது. என் ஒரு மாத்திரைக்கு அது அடங்கவில்லை. இன்னொரு மாத்திரை சேர்க்கலாம், இல்லாவிட்டால் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. ரத்தம், சிறுநீரகம் எல்லாம் பரிசோதித்துவிட்டுத்தான் இந்தக் கீட்டோவுக்குச் சரி என்றார். காலையிலும் மாலையிலும் விரலைக் குத்தி மீட்டரில் பார்க்க வேண்டும், தன்னைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று கறாராகச் சொன்னார். இப்போது காலைச் சர்க்கரை நன்றாக இருக்கிறது. போன தடவை மாத்திரையைப் பாதியாக்கினார். வெளியே வந்து நெட்டையிடம் சொன்னேன், அவள் என்னைத் தூக்கிச் சுற்றினாள். இப்போது தூக்க முடிகிறது.

நீல மூடியை மட்டும் தினமும் கழுவி சிவப்பு மூடி பக்கத்தில் வைக்கிறேன். வெறும் மூடிதான். மாத்திரை இல்லை. பயப்படாதீர்கள்.

உங்களிடம் ஒளிக்க வேண்டும் என்று இல்லை அண்ணி. உங்கள் தம்பியை இழந்த வருத்தத்தில் இருக்கிறவரிடம் இதையும் எப்படிச் சொல்வது?

உங்கள்
பூனை


பிப்ரவரி 8

அடி பைத்தியக்காரி,

படித்தேன். படித்துவிட்டு அழுதேன். அப்புறம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அந்தப் பழக்கம். தன் தட்டில் பிடிக்காததை எல்லாம் சத்தமில்லாமல் பக்கத்தில் இருக்கிறவர் தட்டில் தள்ளிவிடுவான். நான் எத்தனை பாகற்காய் தின்றிருக்கிறேன் தெரியுமா அவனால்? போன பிறகும் தன் மாத்திரையை உன் தலையில் கட்டியிருக்கிறான் பார்!

இனிமேல் உன்னைத் திட்ட மாட்டேன். இந்த வாரம் மட்டும்.

உனக்கு ஒரு சந்தோஷமான சேதி. நானும் ஆரம்பித்துவிட்டேன். உனக்குப் பாதி மாத்திரை ஆகும்போது எனக்கு மட்டும் ஆகாதா? திங்கட்கிழமையிலிருந்து சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டேன். முட்டை, கீரை, சீஸ். மகனிடம் சொல்லவில்லை, சொன்னால் லிஃப்டைப் பற்றி விளக்குகிற மாதிரி என்னிடம் ஒரு மணி நேரம் விளக்குவான். அவனுக்குச் சோறு, எனக்கு என் தட்டு. டாக்டரிடம் அடுத்த மாதம் போக வேண்டியிருக்கிறது, அப்போது காட்டி அவர் வாயைப் பிளக்க வைக்கிறேன். ஊசி எப்போதும் போலத்தான் போட்டுக்கொள்கிறேன், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. நீதான் நேரத்துக்குப் போடச் சொன்னாயே.

நேற்று காலையில் கை கொஞ்சம் நடுங்கியது, குப்பென்று வியர்த்தது. வெயில் ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. பசி மட்டும் பேயாய்ப் பசிக்கிறது. உனக்கும் முதலில் அப்படித்தான் இருந்ததா?

உன்
அண்ணி


மார்ச் 2

பூனைக்கு,

நீ போய் நாலைந்து நாள் ஆகிறது. சமையலறையில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. வந்த பத்து நாளில் வீட்டையே விரிப்பு மாதிரி மடித்து அடுக்கிவிட்டாய்.

என் மகன் தினமும் அந்தக் கதையைச் சொல்கிறான். நீ என் கடிதத்தைப் படித்துவிட்டுப் போன் போட்டபோது அவன் எங்கேயோ லிஃப்டுக்குள்ளே தொங்கிக்கொண்டிருந்தானாம். "உங்கம்மா சோறு சாப்பிடாம ஊசி போட்டுக்கறாங்க, ஓடு, கையில் சர்க்கரையோட ஓடு" என்று நீ போட்ட சத்தம் மேல்மாடி வரைக்கும் கேட்டதாம். பூனையா சத்தம் போட்டது? எனக்குக் கேட்காமல் போய்விட்டதே என்று வருத்தமாக இருக்கிறது. அவன் வந்தபோது நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து மிக்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேனாம். "உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, பேசிக்கொள்கிறேன்" என்று மிக்சியிடம் சொன்னேனாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. சர்க்கரைத் தண்ணீர் இனித்தது மட்டும் நினைவிருக்கிறது. கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன் என்று டாக்டர் என் மகனிடம் சொன்னது, அவர் வாயசைவிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. காது கேட்காதவளிடம் ரகசியம் பேசக் கூடாது.

அன்று மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒரு கையில் பை, ஒரு கையில் மீட்டர் டப்பாவோடு நீ வந்து நின்றாயே. முதலில் என்னைக் கட்டிப்பிடிப்பாய் என்று பார்த்தால், என் விரலைப் பிடித்துக் குத்திவிட்டாய்!

நேற்று மறுபடி டாக்டரிடம் போனோம். ஊசியின் அளவு நன்றாகக் குறைந்திருக்கிறது. எனக்கு உன் முழுக் கீட்டோ வேண்டாம் என்று இந்த முறையும் அதையேதான் சொல்கிறார். என் வயசுக்கும் என் சிறுநீரகத்துக்கும் அது ஒத்து வராதாம். வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம் சோறு, மீதி காய், முட்டை. அவளுக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தாது, இரண்டு பேரும் ஒரே மாத்திரையா சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நானும் என் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தோம். அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை. ஆக, நான் ஜெயித்தேன். என் கிண்ணத்தில் சோறு இருக்கிறது. உன் தட்டில் இல்லை.

பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடு என்று இனிமேல் சொல்ல மாட்டேன். உன்னைப் பத்து நாள் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். இரண்டாம் நாளே காலையில் எழுந்து "நெட்டை தனியா என்ன செய்வாளோ" என்று காகிதத்தில் எழுதிக் காட்டினாயே, அப்போதே தெரிந்துவிட்டது. சாக நினைக்கிறவள் அடுத்தவள் விரிப்பைப் பற்றிக் கவலைப்பட மாட்டாள். அதுவும் தவிர, நீ இங்கேயே இருந்தால் எனக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? ஜன்னல் பக்கத்துக் கட்டில் அப்படியே இருக்கும். வருகிறபோது வா.

ஒன்று கேட்க வேண்டும். சமையல் மேடையில் நீ ஒரு நீல மூடியை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது எது என்று. மறந்துவிட்டாயா? மகன் அந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்பட்டுமா? அதுவரை யாரும் தொடாமல் உயரத்தில் எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்
அண்ணி


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

கொடுத்தனுப்ப வேண்டாம். உயரத்திலும் வைக்க வேண்டாம். கீழே இறக்குங்கள்.

உங்களுக்கும் காலையில் இரண்டு மாத்திரை இருக்கிறதே, ரத்த அழுத்தத்துக்கு. நான் அங்கே இருந்தபோது பார்த்தேன், அட்டையிலிருந்து பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடக்கிறீர்கள். பால்காரரிடம் பேசுகிறீர்கள், கதவைத் திறக்கிறீர்கள், அப்புறம் முழுங்கினேனா இல்லையா என்று என்னையே கேட்கிறீர்கள். அதற்காகத்தான் வைத்துவிட்டு வந்தேன். மூடியில் இருந்தால் முழுங்கவில்லை, இல்லாவிட்டால் முழுங்கியாகிவிட்டது. உங்கள் தம்பி கண்டுபிடித்த முறை. உங்கள் மாத்திரை மட்டும்தான் அதில் போட வேண்டும், வேறு யாருடையதும் கூடாது.

நான் நன்றாக இருக்கிறேன். பழைய ஜாக்கெட்டுகளையெல்லாம் தையல்காரியிடம் கொடுத்துப் பிடித்துவிட்டேன். "ஏங்க, இது உங்களுதா, உங்க அக்காவுதா?" என்று கேட்டாள். வேலையில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம், கேக் வெட்டினார்கள். என் பங்கை நெட்டை எடுத்துக்கொண்டு என் முன்னாலேயே நின்று கண்ணை மூடி ரசித்துத் தின்றாள். பாவி. நான் பாதாமைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்று ஆசை போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. பக்கத்து வீட்டில் வடிக்கிறபோது வருகிற வாசனைக்கு ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வருகிறேன்.

டாக்டரம்மாவிடம் போயிருந்தேன். பரிசோதனைச் சீட்டைப் பார்த்து அந்தப் பாதி மாத்திரையே இருக்கட்டும் என்றார். முழுசாக விடலாமா என்று ஆசையாகக் கேட்டேன். "அதை நான் சொல்றேன், நீங்க சொல்லாதீங்க" என்றார். சரி என்று வந்துவிட்டேன். பாதி மாத்திரையோடு எனக்கு ஒன்றும் சண்டையில்லை.

ஒரு விஷயம் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். உங்களைப் பார்க்க பஸ்ஸில் வந்தேனே, பாதி வழியில் எனக்கும் லேசாகத் தலை கனத்தது. உடனே மடியிலேயே மீட்டரை வைத்துக் குத்திப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது, பயம்தான் போல. இருந்தாலும் பையிலிருந்த முட்டையை உரித்துச் சாப்பிட்டேன், தண்ணீர் குடித்தேன். நான் வழியில் விழுந்துவிட்டால் உங்களை யார் பார்ப்பது? பக்கத்து சீட்டுக்காரர், பஸ்ஸில் உட்கார்ந்து இந்த அம்மா என்ன ஆஸ்பத்திரி நடத்துகிறது என்கிற மாதிரி பார்த்தார். நான் விழுந்த அன்றைக்கு டாக்டரம்மா கேட்ட கேள்விக்குப் பதிலை அப்போதுதான் சரியாகச் சொன்னேன் என்று தோன்றுகிறது. கேட்டவர் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

இன்று காலை எழுந்து முகம் கழுவினேன். அலமாரியைத் திறந்து சிவப்பு மூடியை எடுத்தேன். கை இன்னும் பழக்கத்தில் பக்கத்தில் இன்னொன்றைத் தேடியது. அந்த இடம் காலியாக இருந்தது. ஒரு நொடி அலமாரியைத் துழாவினேன், எங்கே போனது, எங்கே வைத்தேன் என்று.

அப்புறம் ஞாபகம் வந்தது. அவருடைய அக்கா வீட்டில் இருக்கிறது.

சிவப்பு ரெடி அண்ணி. அங்கே நீலம் ரெடியா?

உங்கள்
பூனை